ரேமா, எஸ்எஸ்டியா? முதலில் எதை மாற்றுவது?

கேள்வி: பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய லெனோவோ திங்க்பேட் டி480 வைத்திருக்கிறேன். ரேம் 8 ஜிபி, எஸ்எஸ்டி 256 ஜிபி. டேலி, எக்செல், இருபது குரோம் டேப் எல்லாம் சேர்ந்தால் திணறுகிறது. கடையில் 32 ஜிபி ரேம் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: கடைக்குப் போகுமுன் ஒரு சோதனை. வழக்கமாகத் திணறும் நேரத்தில், எல்லாம் திறந்திருக்கும்போதே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தொட்டால் ‘கமிட்டட்’ என்ற இடத்தில் 12.4/15.8 என்பதுபோல இரண்டு எண்கள் இருக்கும். நமக்கு வேண்டியது முதல் எண். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள் எல்லாம் சேர்ந்து கேட்டிருக்கும் மெமரி அது. உங்களிடம் இருப்பது 8 ஜிபி. அதற்கு மேல் கேட்பதை விண்டோஸ் ரேமில் சுருக்கி வைக்கும், அதற்கும் இடமில்லை என்றால் எஸ்எஸ்டியில் இருக்கும் பேஜ் ஃபைலுக்குத் தள்ளும். டேப் மாற்றும்போது வரும் அந்த இழுவை இதனால்தான்.

முதல் எண் 11, 12, 13 என்று நின்றால் 16 ஜிபி தாராளம். 20ஐத் தாண்டினால்தான் 32 பற்றி யோசிக்க வேண்டும். டேலிக்கும் எக்செல்லுக்கும் அவ்வளவு தேவைப்படுவது அபூர்வம். 2025 இறுதியிலிருந்து மெமரி விலை தாறுமாறாக ஏறிக் கிடக்கிறது. இந்த நேரத்தில் “எதற்கும் இருக்கட்டும்” என்று 32 வாங்குவது வீண்செலவு.

அதே பக்கத்தில் ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ என்ற வரியையும் பாருங்கள். டி480இல் இரண்டு ஸ்லாட். 1 ஆஃப் 2 என்றிருந்தால் உள்ளே ஒரே 8 ஜிபி ரேம்தான். இன்னொரு 8 ஜிபி வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது. கூடவே ஒரு லாபமும் உண்டு. ஒரே ரேமாக இருக்கும்போது சிபியு ஒற்றை வழியில்தான் மெமரியோடு பேசும், இரண்டு போட்டால் இரட்டை வழி. இந்த மாடலின் உள்ளமை கிராபிக்ஸ் தனக்கென மெமரி இல்லாமல் ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. அதனால் வெளியே பெரிய மானிட்டர் மாட்டி வேலை செய்பவர்களுக்கு வித்தியாசம் தெரியும். 2 ஆஃப் 2 என்றிருந்தால் இரண்டு 4 ஜிபி. ஒன்றைக் கழற்றி 16 போட்டு 20 ஆக்கலாம், அல்லது இரண்டையும் கழற்றிவிட்டு இரண்டு 8 போடலாம்.

வாங்க வேண்டியது டிடிஆர்4 எஸ்ஓ-டிம், 260 பின், 1.2 வோல்ட். இந்த லேப்டாப் 2400 வேகத்தில்தான் ரேமை ஓட்டும். கடையில் 2666 அல்லது 3200தான் இருக்கிறது என்றால் தயங்காமல் வாங்கலாம், தானாக 2400க்கு இறங்கிக்கொள்ளும். வேகமான ரேம் போட்டதால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம்.

கடைசியாக சி டிரைவில் மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். 256 ஜிபியில் 10, 15 ஜிபிதான் காலி என்றால் ரேம் கூட்டியும் முழுத் திருப்தி கிடைக்காது. எஸ்எஸ்டி நிறைய நிறைய எழுதும் வேகம் சரியும். பாதிப் பேருக்கு உண்மையான நோய் இங்கேதான் இருக்கிறது, மருந்து மட்டும் ரேமுக்குப் போகிறது. ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும்.

கேள்வி: அதே டி480 மாடல்தான் என்னிடமும். ரேமை வீட்டிலேயே நானே மாற்ற முடியுமா? என்ன கருவி வேண்டும்?
– வாசகி, ஈரோடு

பதில்: முடியும். பிஹெச்0 அளவு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, பழைய ஏடிஎம் கார்டோ கிட்டார் பிக்கோ ஒன்று போதும். கத்தி, சப்பை ஸ்க்ரூ டிரைவர் கூடாது. அவை மூடியின் ஓரத்தைக் கடித்துவிடும், உள்ளே சறுக்கினால் போர்டையும் கீறும்.

இந்த மாடலில் இரண்டு பேட்டரி. பின்னால் கழற்றக்கூடியது ஒன்று, உள்ளே நிரந்தரமாக ஒன்று. பின்னால் இருப்பதை மட்டும் கழற்றிவிட்டு “கரண்ட் இல்லை” என்று நினைத்து ரேமைப் பிடுங்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு. உள் பேட்டரியை முதலில் பயாஸில் (விண்டோஸ் வருமுன் திறக்கும் அமைப்புத் திரை) அணைக்க வேண்டும். சார்ஜரைக் கழற்றுங்கள். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து, லெனோவோ எழுத்து வரும்போது எஃப்1 தட்டுங்கள். கான்ஃபிக், அதற்குள் பவர், அதற்குள் ‘டிஸேபிள் பில்ட்-இன் பேட்டரி’. ‘யெஸ்’ கொடுத்தால் லேப்டாப் தானே அணைந்துவிடும். அதற்குப் பிறகுதான் பின் பேட்டரியைக் கழற்ற வேண்டும். எல்லாம் முடியும்வரை சார்ஜரைச் செருகாதீர்கள். செருகினால் உள் பேட்டரி மறுபடி இயங்கத் தொடங்கிவிடும்.

சூடு ஆற ஐந்து நிமிடம் விட்டு, லேப்டாப்பைக் கவிழ்த்து வையுங்கள். அடிமூடியில் ஆறு ஸ்க்ரூ. அவை மூடியோடே தங்கும் வகை. முழுதாக வெளியே வரவில்லையே என்று இழுக்க வேண்டாம், சுற்றிச் சுற்றி லூசானால் போதும். பிறகு மூடியின் ஓரத்தில் கார்டை நுழைத்து மெல்ல நகர்த்தினால் கிளிப்புகள் ஒவ்வொன்றாக ‘டக் டக்’ என்று விடும். ஒரு பக்கம் விட்டதும் வெடுக்கென்று தூக்காமல் நாலு பக்கமும் சுற்றி வாருங்கள்.

ரேமைத் தொடுமுன் உள்ளே தெரியும் உலோகச் சட்டத்தை ஒரு முறை விரலால் தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். மெத்தை, கம்பளம் மேல் உட்கார்ந்து இந்த வேலை வேண்டாம்.

ரேமின் இருபுறமும் மெல்லிய கைகள் போல் இரண்டு கிளிப் இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் வெளிப்பக்கம் விலக்கினால் ரேம் சாய்ந்து எழும். அந்தச் சாய்விலேயே இழுத்து எடுங்கள். புதியதைப் போடும்போது அதன் வெட்டும் ஸ்லாட்டின் மேடும் நேராகச் சேர வேண்டும். முப்பது டிகிரி அளவு சாய்த்து உள்ளே தள்ளுங்கள். தங்க நிறக் கோடு கிட்டத்தட்ட மறைந்துவிட வேண்டும். பளிச்சென்று பட்டையாகத் தெரிந்தால் இன்னும் உள்ளே போகவில்லை என்று பொருள், அப்படியே அமுக்கினால் கிளிப் உடையும். சரியாகப் போன பிறகு கீழே அமுக்கினால் இரண்டு கிளிப்பும் தாமாகப் பிடித்துக்கொள்ளும்.

மூடியைப் போட்டு, பின் பேட்டரி மாட்டி, சார்ஜரைச் செருகிவிட்டு ஆன் செய்யுங்கள். சார்ஜர் இல்லாமல் பவர் பட்டனை அழுத்தி “செத்துவிட்டது” என்று பயப்பட வேண்டாம். உள் பேட்டரி இன்னும் உறக்கத்தில்தான் இருக்கும்.

மற்ற மாடல்காரர்களுக்கு ஒரு குறிப்பு: டெல் லாட்டிட்யூட், ஹெச்பி எலீட்புக் வகைகளில் மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கேபிளைப் போர்டிலிருந்து கழற்றுவது. மூன்று கம்பெனிகளும் தங்கள் பிசினஸ் மாடல்களுக்குப் படத்தோடு கூடிய சர்வீஸ் மேனுவலை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. லெனோவோவில் அதன் பெயர் ஹார்டுவேர் மெயின்டனன்ஸ் மேனுவல். ஸ்க்ரூ அளவுகூட அதில் இருக்கும்.

கேள்வி: ரேம் போட்டு மூடிவிட்டேன். பவர் லைட் எரிகிறது, ஸ்கிரீன் கறுப்பாகவே இருக்கிறது. போர்டு போய்விட்டதா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பெரும்பாலும் இல்லை. முதலில் எதையும் தொடாமல் ஓரிரு நிமிடம் காத்திருங்கள். மெமரி மாறியதும் லேப்டாப் அதைப் புதிதாகப் பழக வேண்டும், அதற்கு நேரம் எடுக்கும். டிடிஆர்5 மாடல்களில் இன்னும் அதிகமாகவே எடுக்கும். நடுவில் பொறுமையிழந்து பவரை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

அப்போதும் வரவில்லை என்றால் ரேம் சரியாக உட்காரவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். பேட்டரியைத் துண்டித்து, கழற்றி, மறுபடி போடுங்கள். பிறகு பழைய ரேமை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். வந்தால் போர்டு நலம். அடுத்து புதியதை மட்டும், பழையது வேலை செய்த அதே ஸ்லாட்டில் போடுங்கள். வராவிட்டால் குறை ரேமில், கடையில் மாற்றிக்கொள்ளலாம். வந்தால், புதியதை அடுத்த ஸ்லாட்டில் போட்டுப் பார்க்க வேண்டும்.

டெல் லாட்டிட்யூடாக இருந்தால் லைட்டே பேசும். மஞ்சள் இரண்டு முறை, வெள்ளை மூன்று முறை சிமிட்டினால் ரேம் இருப்பதே தெரியவில்லை. மஞ்சள் 2, வெள்ளை 4 என்றால் ரேம் பழுது. மஞ்சள் 2, வெள்ளை 5 என்றால் பொருந்தாத ரேம். மெமரி அளவு மாறிவிட்டது என்று டெல் ஒரு எச்சரிக்கை காட்டினால் அது பழுதல்ல. கன்டினியூ கொடுத்துவிட்டுப் போகலாம்.

கேள்வி: 8 ஜிபி இருக்கிறது. பக்கத்தில் 16 போட்டால் இரட்டை வழி கெட்டுவிடுமா?
– வாசகர், மதுரை

பதில்: முழுதாகக் கெடாது. இன்டெல் லேப்டாப்புகளில் இந்த 24இல் முதல் 16 ஜிபி (இரண்டிலிருந்தும் எட்டெட்டு) இரட்டை வழியில் ஓடும், மிச்ச 8 மட்டும் ஒற்றை வழி. கையில் இருக்கும் 8ஐத் தூக்கிப் போட்டுவிட்டு ஜோடி வாங்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டில் எது மெதுவோ அதன் வேகத்தில்தான் இரண்டும் ஓடும், அவ்வளவுதான்.

கேள்வி: என்னுடையது திங்க்பேட் எக்ஸ்1 கார்பன். ரேம் கூட்ட முடியாது என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, சென்னை

பதில்: உண்மை. எக்ஸ்1 கார்பனில் ரேம் போர்டோடு ஒட்டியே வரும். டி14எஸ்ஸும் அப்படியே. டி480எஸ், டி490, முதல் தலைமுறை டி14 ஆகியவற்றில் கொஞ்சம் ஒட்டியது, கூட ஒரு ஸ்லாட். டி480க்கும் டி480எஸ்ஸுக்கும் பெயரில் ஒரே எழுத்துதான் வித்தியாசம், உள்ளே நிறைய. பழைய லேப்டாப் வாங்கும்போது அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை முழுதாகப் படியுங்கள்.

டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்ற வரி இருக்கும். எஸ்ஓ-டிம் என்றால் கழற்றக்கூடியது. ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றால் ஒட்டியது. உங்கள் லேப்டாப்பில் எஸ்எஸ்டி மட்டும் மாற்றலாம்.

கேள்வி: எம்.2 எஸ்எஸ்டி வாங்கினேன். ஸ்லாட்டில் போனது. ஆனால் லேப்டாப்பில் தெரியவே இல்லை. டூப்ளிகேட்டா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: டூப்ளிகேட் என்று முடிவு கட்டுமுன் நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும்.

எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டும். அந்த வடிவத்துக்குள் இரண்டு சாதி: சாட்டா, என்விஎம்இ. முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, வலது ஓரத்தில் ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. சாட்டா மட்டுமே தெரிந்த பழைய ஸ்லாட்டில் என்விஎம்இயும், என்விஎம்இ மட்டுமே தெரிந்த புதிய ஸ்லாட்டில் சாட்டாவும் பொருந்தி உட்கார்ந்தாலும் வேலை செய்யாது. எஸ்எஸ்டியை வெளியே மாட்ட உதவும் யுஎஸ்பி உறைகளுக்கும் இதே கதை. உங்கள் மாடலின் மேனுவலில் ஸ்டோரேஜ் பகுதியைப் படித்தால் எது என்று தெளிவாக இருக்கும்.

சாதி சரி என்றால் அடுத்தது பயாஸ். அதில் தெரிகிறது, விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும்போது மட்டும் தெரியவில்லை என்றால் டிரைவர் பிரச்சினை. இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்புகளில் விஎம்டி என்ற அமைப்பு ஆன் ஆகியே வருகிறது. அந்த லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, பிரித்து, பென் டிரைவில் போட்டு, ‘லோடு டிரைவர்’ கொடுத்தால் எஸ்எஸ்டி தோன்றும்.

பயாஸிலும் விண்டோஸிலும் இருக்கிறது, ‘திஸ் பிசி’யில் மட்டும் இல்லை என்றால் அது இன்னும் வெற்று டிஸ்க். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் ஜிபிடி என்று இனிஷியலைஸ் செய்து பார்ட்டிஷன் போட வேண்டும்.

எதிலுமே இல்லை என்றால் கழற்றி மறுபடி செருகுங்கள். ஸ்க்ரூ போடுமுன் எஸ்எஸ்டி சற்றே சாய்ந்து மேலே நிற்பது இயல்பு. அந்தச் சின்ன ஸ்க்ரூ தொலைந்துவிட்டது என்று சிலர் செல்லோடேப் ஒட்டுகிறார்கள். சூட்டில் பசை விட்டு, ஒருநாள் வேலை நடுவே டிஸ்க் காணாமல் போகும். பல லேப்டாப்புகளில் அது எம்2 அளவு, 3 மிமீ நீளம். சென்னை ரிச்சி தெரு மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைவீதிகளில் கேட்டால் கிடைக்கும்.

முதல் கேள்வி கேட்ட டி480காரர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. அந்த மாடலில் 2.5 அங்குல டிஸ்க் வைக்கும் இடத்தில்தான் எம்.2 எஸ்எஸ்டி ஒரு தனிக் கூட்டுக்குள் உட்காரும். ஹார்டு டிஸ்க்கோடு வந்த லேப்டாப்பில் அந்தக் கூடும் அதற்கான கேபிளும் இருக்காது, பார்த்துவிட்டு வாங்குங்கள். அங்கே டேட்டா போக இரண்டு லேன் பிசிஐஇ 3.0 பாதை மட்டுமே. நொடிக்கு 7,000 எம்பி என்று பெட்டியில் போட்ட எஸ்எஸ்டியும் அங்கே 2,000ஐத் தொடாது. அந்தக் காசில் வேகத்துக்குப் பதில் கொள்ளளவை வாங்கலாம். டிஎல்சி வகையா (மலிவான கியூஎல்சியைவிட அதிகம் எழுதத் தாங்கும் மெமரி) என்றும், டிபிடபிள்யூ எவ்வளவு என்றும் பாருங்கள். டிபிடபிள்யூ என்றால், ஆயுளுக்குள் எவ்வளவு டெராபைட் எழுதலாம் என்று கம்பெனி தரும் உறுதி அது. ஒப்பிட ஒரு அளவுகோல்: சாம்சங் 970 ஈவோ பிளஸ் 500 ஜிபிக்கு 300, 1 டிபிக்கு 600. டிபிடபிள்யூ எண்ணையே வெளியிடாத மலிவு எஸ்எஸ்டியில் கம்பெனிக் கணக்கை வைக்காதீர்கள்.

கேள்வி: புதிய எஸ்எஸ்டிக்கு விண்டோஸை அப்படியே மாற்ற வேண்டும். லேப்டாப்பில் ஒரே ஸ்லாட். போன முறை கடையில் செய்தபோது நீலத் திரை வந்து 48 இலக்க எண் கேட்டது. இந்த முறை எப்படித் தவிர்ப்பது?
– வாசகர், திருச்சி

பதில்: அந்த எண் பிட்லாக்கர் ரிகவரி கீ. பிட்லாக்கர் என்பது விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடும் பூட்டு, இது அதன் சாவி. பிசினஸ் லேப்டாப்புகளில் டிஸ்க் பூட்டப்பட்டே இருப்பது சகஜம். விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவினால் ஹோம் பதிப்பிலும் தானாகவே பூட்டிக்கொள்ளும். பூட்டியது நாமே அல்ல என்பதால் சாவி பற்றிய நினைவே இருக்காது.

முதலில் சாவியை எடுத்து வையுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் டிவைஸஸ் பகுதியில் ரிகவரி கீ இருக்கும். தாளில் எழுதுங்கள், அதே லேப்டாப்பில் சேமித்துப் பயனில்லை. கம்பெனி கொடுத்த லேப்டாப் என்றால் சாவி ஐடி பிரிவிடம் இருக்கும். அவர்களிடம் சொல்லாமல் டிஸ்க்கில் கை வைக்க வேண்டாம்.

அடுத்து, பிட்லாக்கரை முழுவதுமாக ஆஃப் செய்யுங்கள். தற்காலிகமாக நிறுத்துவதும் போதும் என்பார்கள். ஆனால் குளோன் செய்யும் (டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும்) சில மென்பொருள்களுக்குப் பூட்டிய பார்ட்டிஷனைப் படிக்கவே தெரியாது. பூட்டைக் கழற்ற டிஸ்க்கின் அளவைப் பொறுத்து நேரம் எடுக்கும், எடுக்கட்டும்.

ஒரே ஸ்லாட் என்பதால் புதிய எஸ்எஸ்டியை யுஎஸ்பி உறையில் போட்டு வெளியே மாட்ட வேண்டும். எஸ்எஸ்டி கம்பெனிகள் பலவும் குளோன் மென்பொருளை இலவசமாகத் தருகின்றன. குளோன்ஜில்லாவும் இருக்கிறது, ஆனால் முதல் தடவை செய்பவருக்குக் கரடுமுரடாக இருக்கும். மூல டிஸ்க் எது, போய்ச் சேரும் டிஸ்க் எது என்பதை அளவைப் பார்த்து இருமுறை உறுதிசெய்யுங்கள். திசை மாறினால் காலி டிஸ்க் உங்கள் கணக்குகளின் மேல் எழுதப்படும். அதனால் முக்கிய ஃபைல்கள், குறிப்பாக டேலி டேட்டா ஃபோல்டர், முன்கூட்டியே வேறொரு டிரைவில் இருக்க வேண்டும்.

சி பார்ட்டிஷனைப் பெரிதாக்கும் வேலையைக் குளோன் செய்யும்போதே முடித்துவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ரிகவரி பார்ட்டிஷன் சி டிரைவின் பின்னால் குறுக்கே உட்கார்ந்துகொண்டு ‘எக்ஸ்டெண்ட்’ பட்டனை மங்கலாக்கிவிடும்.

புதியதை உள்ளே மாட்டி ஆன் செய்யும்போது பழையது யுஎஸ்பியில் தொங்க வேண்டாம். பயாஸில் ஸ்டோரேஜ் முறை ரெய்டு என்றிருந்தால் ரெய்டாகவே இருக்கட்டும். டெல் லாட்டிட்யூடுகள் அப்படித்தான் வரும். ஏஹெச்சிஐ நல்லது என்று எங்கோ படித்து மாற்றினால் ‘இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்ற நீலத் திரைதான் மிஞ்சும். விண்டோஸ் லைசென்ஸ் பற்றிய கவலை வேண்டாம், அது மதர்போர்டோடு பிணைந்தது. எல்லாம் ஓடுகிறது என்று தெரிந்ததும் பிட்லாக்கரை மறுபடி ஆன் செய்யுங்கள்.

1 டிபி வாங்கியதற்கு 931 ஜிபிதான் காட்டுகிறது என்று அடுத்த கடிதம் வேண்டாம். கம்பெனி ஆயிரங்களில் எண்ணுகிறது, விண்டோஸ் 1,024களில் எண்ணுகிறது.

கேள்வி: திங்க்பேட் டி450, ஐ5 ஐந்தாம் தலைமுறை, 4 ஜிபி, ஹார்டு டிஸ்க். செலவு செய்யலாமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: அளவோடு. இதற்கு டிடிஆர்3எல், 204 பின், 1.35 வோல்ட் ரேம் வேண்டும். ‘எல்’ இல்லாத 1.5 வோல்ட் ரேம் அதே ஸ்லாட்டில் உட்காரும், ஆனால் ஓடாது. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு வழக்கமான காலத்தை முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும். எனவே 7 மிமீ தடிமன் உள்ள 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, பழைய 4 ஜிபி ரேம் ஒன்று செகண்ட் ஹேண்டில், லினக்ஸ். இதற்கு மேல் ஒரு ரூபாயும் வேண்டாம். அந்த எஸ்எஸ்டியை நாளை யுஎஸ்பி உறையில் போட்டு வெளி டிரைவாகவும் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கழற்றிய பழைய எஸ்எஸ்டியை விற்கலாமா? ஃபார்மேட் செய்தால் போதுமா?
– வாசகி, சேலம்

பதில்: சாதாரண குவிக் ஃபார்மேட் போதாது, ஃபைல்களை மீட்க வாய்ப்பு இருக்கிறது. எஸ்எஸ்டியைத் தன்னைத்தானே அழிக்கச் சொல்லும் கட்டளை ஒன்று உண்டு. டெல் பயாஸில் டேட்டா வைப், ஹெச்பியில் செக்யூர் எரேஸ் என்ற பெயரில் இருக்கும். அதற்கு எஸ்எஸ்டி லேப்டாப்பின் உள்ளே இருக்க வேண்டும், யுஎஸ்பி உறையில் இருந்தால் நடக்காது. அழிக்குமுன் டிஸ்க் சரியானதுதானா என்று பாருங்கள், புதியதும் உள்ளே இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள்.

ஆனால் உடனே விற்க வேண்டாம். ஒரு மாதம் அலமாரியில் கிடக்கட்டும். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும் நாளில்தான் ஏதாவது ஒரு ஃபோல்டர் வரவில்லை என்பது தெரியவரும்.